குவைத்துக்குப் போன எள்ளுருண்டையும் கரியாலூருக்கு வந்த ஒயரும்

சென்ற ஆண்டு ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் கோமதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் கள்ளக்குறிச்சி தபால் ஆபீசில் வெளிநாட்டுப் பார்சல் கவுண்டரில் உட்காருகிறவள் அவள்தான். அமெரிக்காவில் சுங்க விதி மாறியதால், கொஞ்ச காலத்துக்கு அங்கே போகும் பார்சல்களை வாங்க வேண்டாம் என்று உத்தரவு வந்திருந்ததாம்.

“அக்கா, ஒரு பெரியவரு பேத்திக்கு அதிரசம் கட்டிக்கினு வந்துட்டாரு. போவாதுன்னு சொன்னா எழுந்திருக்க மாட்டேங்கிறாரு. ‘அமெரிக்கா இன்னா காணாமயா பூட்சி’ன்னு கேக்கறாரு. இன்னா பண்ணட்டும்?”

“மொதல்ல உக்கார வச்சி டீ வாங்கிக் குடு.”

“குடிச்சிட்டாருக்கா. ரெண்டாவது டீ கேக்கறாரு.”

ஒருவழியாக அவரிடம் நானே போனில் பேசி, அதிரசத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி வைத்தேன். அதன்பின் கோமதி விடவில்லை. “இந்த மாதிரி எத்தினி பாத்திருப்பீங்க, எழுதி வைங்கக்கா” என்று நச்சரித்தாள். எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது. உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்று இந்த ஊர் என் வேலைக்காலம் முழுக்க நம்பியது. எங்கோ ஒரு தீவில் எரிமலை புகைந்து விமானங்கள் நின்றபோதுகூட, சின்னசேலத்துக்காரர் ஒருவர் என்னை முறைத்த முறைப்பில் அடுப்பை அணைக்க மறந்தவள் நான்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். அங்கே சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதிக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை இல்லை. உண்மையில் வேலை பழகியது அருணகிரி சாரிடம். அப்போது அவர்தான் எங்கள் போஸ்ட் மாஸ்டர்.

ஒல்லியான மனிதர். குரல் ஏறி நான் கேட்டதே கிடையாது. யாராவது கவுண்டரில் கத்தினால் அவர் குரல் இன்னும் இறங்கும்; கத்துகிறவர் அது என்னவென்று கேட்பதற்காகவே கத்துவதை நிறுத்த வேண்டியிருக்கும். பார்சல் வந்தால் தராசில் வைக்கும் முன் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்வார். தராசு வேறு எடை காட்டினால் தராசைச் சந்தேகப்படுவார். தராசு பார்க்கும் ஆளை வரவழைத்து இரண்டு முறை சோதித்தும் இருக்கிறார். தராசு சரியாகத்தான் இருந்தது. சாருக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் வந்தது.

அப்போதெல்லாம் வெளிநாட்டுப் பார்சல் என்றால் அட்டைப்பெட்டியின் மேல் வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, தையல் ஓடும் இடமெல்லாம் அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். தையல் விட்டுப்போயிருந்தால் நாங்கள் வாங்கமாட்டோம். அதற்காக என் இழுப்பறையில் ஒரு சாக்கு ஊசியும் நூல்கண்டும் எப்போதும் இருக்கும். தபால் ஆபீசில் தைத்த அளவுக்கு என் வீட்டில் நான் தைத்ததில்லை என்று என் கணவர் இன்றுவரை குறை சொல்கிறார்.

அரக்கை மட்டும் அருணகிரி சார் யாரிடமும் விடமாட்டார். மெழுகுவத்தியில் அரக்குக் கட்டியைக் காட்டி, சொட்டு விழுந்ததும் பித்தளை முத்திரையை எச்சில் தொட்டு அழுத்துவார். அதற்கு முன் இன்னொரு சடங்கு உண்டு. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பழைய அட்லஸ், பழுப்புத்தாள் அட்டை போட்டு அவர் மேசையில் இருக்கும். பார்சல் போகும் நாட்டை அதில் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தபின்தான் அரக்கு.

“எந்தத் தெசைக்குப் போவுதுன்னு தெரியாம மூட்டையக் கட்டி அனுப்பக்கூடாதும்மா” என்பார். வரிசை வாசல்வரை நிற்கும். சார் பர்மாவுக்குப் பக்கத்தில் எங்கேயோ டென்மார்க்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

ரிஷிவந்தியத்திலிருந்து பச்சையம்மா என்று ஒரு அம்மா வருவார். கூலிவேலை செய்கிறவர். புருஷன் இல்லை. ஒரே மகன் ராமு, குவைத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவர் கொண்டுவந்த முதல் பார்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், எள்ளுருண்டை. கருவாடு வாசனைக்காகவும் ஊறுகாய் எண்ணெய்க்காகவும் ஆகாது என்று எடுத்து வைத்தோம். எள்ளுருண்டை மட்டும் தேறியது.

உள்ளே இருப்பதைச் சுங்கப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எள்ளுக்கு எனக்கு வார்த்தை தெரிந்தது. உருண்டைக்கு ‘பால்’ என்று எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தேன்.

“பாலு சேக்கலியேம்மா. எள்ளும் வெல்லமும்தான்” என்றார் பச்சையம்மா.

உள்ளேயிருந்து அருணகிரி சார் எழுந்து வந்து படிவத்தைப் பார்த்தார். “பாலுன்னு எழுதாத. இங்கிலீஸ்காரன் துப்பாக்கிக் குண்டக்கூட பாலுன்னுதான் சொல்லுவான். ஸ்வீட்டுன்னு போடு, போதும்.”

ஸ்வீட் என்று போட்டோம். அட்லசில் குவைத்தைத் தேடினோம். அரக்கு வைத்தோம். பார்சல் பம்பாய் போய் அங்கிருந்து கப்பலில் ஏற வேண்டும். அது போய்க்கொண்டிருக்கும்போதே ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது.

குவைத்துக்கும் ஈராக்குக்கும் தபால் எதுவும் வாங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. சார் அதை எங்கள் எல்லோருக்கும் இரண்டு முறை படித்துக் காட்டி, பலகையில் குத்தி வைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“குவைத்துக்கு அனுப்பிச்ச ஜனங்க வருவாங்கம்மா. வராதுன்னு சொல்லாத. போய்ச் சேந்துடும்னும் சொல்லாத. எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எது சொன்னாலும் நிக்க வச்சி சொல்லாத.”

அதன்பின் கவுண்டருக்கு வெளியே ஒரு பெஞ்சு வந்தது. சார் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த பெஞ்சு. ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவர்கள் பேசப்பேச ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

பச்சையம்மா வேலை இல்லாத நாளெல்லாம் பஸ் ஏறி வந்தார். வந்து கேட்பது ஒரே கேள்வி.

“எம் பொட்டி எங்க இருக்குதும்மா?”

“பம்பாய் போயிருக்கும். அதுக்கு அப்பால தெரியல.”

“கெடாம இருக்குமா? ஈரம் கீரம் பட்டுதுன்னா பூசணம் புடிச்சிக்கும்.”

மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எனக்கு அது வினோதமாக இருந்தது. இந்த அம்மாவுக்கு மகனைவிட எள்ளுருண்டை பெரிதாகப் போய்விட்டதா என்று ஆபீசில் நாங்கள் சிரித்ததும் உண்டு. ஒருநாள் அருணகிரி சாரே வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு அவர் பக்கம் சாய்ந்தது.

“பையன் கடுதாசி எதுனா போட்டானாம்மா?”

“இல்லிங்க.”

“போன் கீன்?”

“இல்லிங்க.” கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். “அவன் எங்க இருக்கான்னு நான் போயி யாரக் கேக்கறது சாமி? பொட்டிக்காச்சும் நீங்க ரசீது குடுத்துக்கிறீங்க. புள்ளைக்கு ரசீது இல்லியே.”

நான் ஸ்டாம்ப் ஒட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். சார் எழுந்து போய் அட்லசை எடுத்துவந்து பச்சையம்மாவின் மடியில் விரித்தார். ரேடியோ செய்தியில் கேட்டதையெல்லாம் சொன்னார். நம் ஆட்கள் பாலைவனத்து வழியாக ஜோர்டான் என்கிற நாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், அங்கிருந்து நம் அரசாங்கம் விமானத்தில் பம்பாய்க்கு ஏற்றி அனுப்புகிறது என்று விரலால் வழி காட்டினார்.

பச்சையம்மா குவைத்தின்மேல் சுண்டுவிரலை வைத்தார். அது முழுசாக மறைந்துவிட்டது.

“இம்மாந்தூண்டுதானா? எங்க மொதலாளி கொல்லை இத்தவிட ஜாஸ்தி இருக்கும் போலக்கீதே. இதுக்கா சண்ட போட்டுக்கறானுங்க?”

சார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராமு வந்து சேர்ந்தான். ஒரே ஒரு கைப்பையோடு, தாடியும் மீசையுமாகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நேராக வீட்டுக்குப் போய்விட்டான். பச்சையம்மா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம். இனி இந்த அம்மா வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரமே வந்தார்.

“அவன் வந்துட்டான். பொட்டி எங்க?”

பெட்டி, பொங்கல் கழிந்தபின் வந்தது. துணி பழுப்பேறி, மேலே நாலைந்து ஊர் முத்திரைகள் விழுந்து, ‘சேவை இல்லை, அனுப்பியவருக்குத் திருப்புக’ என்ற சீட்டோடு. எங்கள் அரக்கு மட்டும் அப்படியே இருந்தது. அருணகிரி சார் முகத்தில் அதற்கு ஒரு பெருமை. தாயும் மகனும் வாங்க வந்தார்கள். ராமு கை நீட்டினான்.

சார் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “நீ யாருப்பா?”

“நாந்தான் சார் ராமு. எம் பேருதான் போட்டுக்கீதே.”

“போட்டிருக்கிறது குவைத்துல இருக்கிற ராமுவுக்கு. அவருக்குக் குடுக்க முடியாமத்தானே திரும்பி வந்திருக்கு. இது அனுப்பினவங்களுக்குத்தான். அம்மா, நீங்க கைநாட்டு வைங்க.”

பச்சையம்மா கைநாட்டு வைத்துப் பெட்டியை வாங்கி, அப்படியே திரும்பி மகன் கையில் கொடுத்தார். சார் அதைப் பார்த்து, இப்போது எல்லாம் முறைப்படி நடந்தது என்பதுபோலத் தலையாட்டினார்.

“எங்கங்க இருந்துச்சி இத்தினி நாளா?” என்று ராமு கேட்டான்.

“கப்பல்லயே ஏறலப்பா. நீ வந்து எறங்கின அதே பம்பாய்லதான் நின்னுக்கினு இருந்துச்சி. ரெண்டு பேரும் பாத்துக்கல போலிருக்கு.”

பெஞ்சில் உட்கார்ந்தே பெட்டியைப் பிரித்தார்கள். எண்ணெய் சிக்கு வாடை கவுண்டருக்குள் வரை வந்தது. ராமு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றை எடுத்தான். பச்சையம்மா அவன் கையில் ஓர் அடி போட்டார். “கெட்டுப்போனத ஏன்டா துன்ற? வூட்ல புச்சா செஞ்சி வச்சிக்கிறேன்ல!” அவன் கேட்கவில்லை. தாடியெல்லாம் எள்ளாகத் தின்றுகொண்டே இருந்தான்.

அருணகிரி சார் அதன்பின் மாற்றலாகிப் போய், ஓய்வும் பெற்றுவிட்டார். எனக்கு அட்லஸ் வைத்துக்கொள்ளும் பழக்கம் வரவில்லை. பெஞ்சை மட்டும் கால் வெட்டிச் சமமாக்கி வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் யாரோ கடிதத்துக்குள் நோய்ப்பொடி வைத்து அனுப்பிய காலத்தில், வெள்ளைப் பொடி என்றாலே தபால்காரர்கள் அலறினார்கள். அந்தச் சமயம் பார்த்து எங்கள் பார்சல் அறையில் ஒரு பெட்டியின் மூலையிலிருந்து வெண்மையாக ஏதோ கொட்டியது. ஆபீசே வெளியே ஓடி வேப்பமரத்தடியில் நின்றது. யாரும் உள்ளே போகவில்லை. போலீசுக்குச் சொல்லலாமா, ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாமா என்று வாதம். அனுப்பியவர் ஓய்வு பெற்ற வாத்தியார். விஷயம் கேள்விப்பட்டு சைக்கிளில் வந்தார். நேராக உள்ளே போய், விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு வெளியே வந்தார்.

“ரிஷிவந்தியம் கோயில் விபூதிங்க. மகளுக்கு அனுப்பறேன். நீங்களும் கொஞ்சம் இட்டுக்குங்க, பயம் தெளியும்.”

எல்லோரும் இட்டுக்கொண்டோம். ஆனால் பார்சலை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டோம். நெற்றி நிறைய விபூதியோடு அதைச் சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது. ஒன்றுக்கு மட்டும் அப்போது சிரிக்க முடியவில்லை. கொரோனா வந்த வருடம் அது. நான் ஓய்வு பெற அதிகக் காலம் இல்லை.

கல்வராயன் மலையில் கரியாலூரில் மல்லிகா என்று ஒரு பெண். மலையில் கொஞ்சம் மரவள்ளி போட்டுக்கொண்டு கூலிக்கும் போகிறவள். அவள் மகள் தாரணி பிறவியிலேயே காது கேட்காதவள். அரசாங்கக் காப்பீட்டில் அறுவை செய்து காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள். வெளியேயும் ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் காசு மாதிரி ஒரு வட்டு. வட்டு காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் சேர்ந்தால்தான் பிள்ளைக்குக் காது. பேச்சுப் பயிற்சிக்கு மல்லிகா அவளை மலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கி வருடக்கணக்கில் அலைந்தாள். பிள்ளை முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்திருந்தது.

குளிப்பாட்டும்போது கழற்றி ஆணியில் மாட்டியிருந்த கருவியின் ஒயரை, அவர்கள் ஆடு கடித்துத் தின்றுவிட்டது.

சென்னையில் விற்கிற இடத்தில் கேட்டால், இருப்பு இல்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மல்லிகாவின் தம்பி சங்கர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். அவன் அங்கே ஒரு காது ஆஸ்பத்திரியில் கெஞ்சி அதே ஒயரை வாங்கித் தபாலில் போட்டான். அவன் போட்ட கையோடு விமானங்கள் நின்றன. இங்கே ஊரடங்கு. சங்கர் தங்கியிருந்த விடுதியையும் மூடி ஆட்களை உள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்னொன்று வாங்கி அனுப்பவும் வழியில்லை.

மல்லிகா மரவள்ளி ஏற்றிவந்த வேனில் இறங்கி ஒருநாள் கவுண்டருக்கு வந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கம்ப்யூட்டரில் பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பக் காத்திருப்பதாகக் காட்டியது.

“எப்ப வரும்மா?”

“தெரியலம்மா. சிங்கப்பூர்லயே நிக்குது. உக்காரு.”

உட்காரவில்லை. “நேத்து தண்ணி வேணும்னு சொம்பக் காட்றா. முன்ன ‘அம்மா தண்ணி குடு’ன்னு சொல்லுவா. பேச்சு கொறஞ்சிக்கினே போவுதும்மா. டீச்சரம்மா போன்ல சொன்னாங்க, காது இல்லாம வுட்டா கத்துக்கிட்டதெல்லாம் நழுவிடும்னு.”

கருவாட்டையும் விபூதியையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பெண்ணை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு, இருக்கிற இடம் தெரிந்ததும் கூப்பிடுகிறேன் என்றேன்.

தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பார்சல் எண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன். வாரங்கள் ஓடின. என்றோ ஒருநாள் அது சென்னை என்று காட்டியது. சென்னையில் வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் இடத்தில் என்னோடு பயிற்சியில் இருந்த பத்மா வேலை பார்த்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

“வசந்தா, சரக்கு விமானத்துல முகக்கவசம் மருந்தெல்லாம் ஏத்திட்டு மிச்ச எடத்துல தபால் மூட்டையப் போட்டு அனுப்பியிருக்காங்க. மொத்தமா வந்து எறங்கியிருக்கு. ஆளு கம்மி. மூட்ட கூரையத் தொடுது. அதுல ஒயரு எங்கன்னு தேடுவேன்?”

“தேடு. ஒரு புள்ளையோட காது அது.”

“எண்ணைச் சொல்லு” என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். கிடைத்துவிட்டது. ஆனால் சங்கர் படிவத்தில் ‘மின்சார ஒயர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறான். இது என்ன பொருள், எதற்கு என்று சுங்கத்தில் கேட்கிறார்கள். கேட்டதில் தப்பில்லை. மருத்துவப் பொருள் என்று எழுதியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. நான் அறுவை செய்த டாக்டரைப் பிடித்து ஒரு சான்று எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து அனுப்பினேன். டாக்டர் கையெழுத்து அவர்களுக்குப் புரியவில்லை. திரும்ப அவரையே தட்டச்சு செய்யச் சொன்னேன். “ஆஸ்பத்திரியில ஆளில்லாத நேரத்துல இதுவாம்மா?” என்றார் எரிச்சலாக. தாரணியின் ஒயர் இன்னும் சுங்கத்திலேயே நிற்கிறது என்றதும், உடனே அனுப்பிவைத்தார்.

பார்சல் தபால் வேனில் கள்ளக்குறிச்சி வந்தது. என் உள்ளங்கை அளவு கவர். இதற்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் மலைக்குப் போக பஸ் இல்லை. கரியாலூரில் தபால் பட்டுவாடா செய்கிறவரின் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். போஸ்ட் மாஸ்டரிடம், நானே கொண்டுபோகிறேன் என்றேன். வயதைப் பார்த்துத் தயங்கினார். பிறகு, அத்தியாவசியப் பணி என்று ஒரு சீட்டு எழுதித் தந்து, அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

வண்டி ஓட்டியது என் கணவர். அவர் ஹெல்மெட்டுக்குள் முகக்கவசம், அதற்குமேல் கண்ணாடி. மூச்சு விட்டால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். துடைக்க நிற்பார். நிற்கும்போதெல்லாம் ஒரு குறை சொல்வார்.

“இத்தினி வருசமா ஊரு பார்சல் எல்லாம் பாத்த. நமக்குன்னு வெளிநாட்டுலருந்து ஒரு பொட்டி வந்திருக்கா?”

“நமக்கு வெளிநாட்டுல யாரு இருக்காங்க?”

“அதான் சொல்றேன். அதுக்கும் ஒரு கொடுப்பின வேணும்.”

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் இடத்தில் போலீஸ் தடுப்பு. ஏட்டு கேட்டார்.

“எங்கம்மா போறீங்க ரெண்டு பேரும்?”

“கரியாலூருக்கு, பார்சல் குடுக்க.”

“இன்னா பார்சலு?”

“ஒயரு.”

அவர் என் கழுத்து அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “ஊரே வூட்ல பூந்துக்கினு கீது. நீங்க ஒயரு குடுக்கப் போறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார். கடைசியில் தடுப்பை அவரே நகர்த்தி, “ஆடு துன்னுட்சா? அந்த ஆட்ட இன்னும் வச்சிக்கினா இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார்.

வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் போனபோது வாசலில் முளைக்குச்சியில் கட்டியிருந்தது. மல்லிகா சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கவரைப் பிரித்தாள். தாரணி கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஆறு வயது இருக்கும். எங்கள் முகமூடிகளைப் பார்த்துப் பயந்தாளோ என்னவோ, கூப்பிடக் கூப்பிட வரவில்லை. கூப்பிட்டது கேட்காது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மல்லிகா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒயரின் ஒரு முனையைப் பெட்டியில் செருகினாள். மறுமுனையை வட்டில் செருகி, பேட்டரி போட்டாள். சின்னதாகப் பச்சை விளக்கு எரிய வேண்டுமாம். எரியவில்லை.

கழற்றி மறுபடி மாட்டினாள். எரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்தது தப்பான ஒயரோ, வழியில் மூட்டைகளுக்கடியில் நசுங்கிவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது. இன்னொன்றுக்கு இனி யாரைக் கேட்பது?

என் கணவர்தான் சொன்னார். “பேட்டரி எப்ப வாங்கினதும்மா? பேட்டரியும் இத்தன மாசமா சும்மா கெடந்ததுதானே.”

அரிசிப்பானையில் இன்னொரு அட்டை பேட்டரி பிரிக்காமல் வைத்திருந்தாள். அதைப் போட்டதும் விளக்கு எரிந்தது. வட்டைத் தலையின் பக்கம் கொண்டுபோனாள். அது தானே தாவி ஒட்டிக்கொண்டது.

பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் பேசத் தோன்றவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் காதைக் கொண்டுவந்துவிட்டு, அதில் விழ ஒரு சத்தம் இல்லை. மல்லிகா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகையில் அவளுக்கு இப்போது பேச வராது என்று தெரிந்தது. சரி, நாமாவது பேசுவோம் என்று குனிந்து, முகமூடிக்குள்ளிருந்து என் குரல் முழுவதையும் எடுத்து, “தாரணீ! நான் தபாலாபீஸ் அத்தை வந்திருக்கேன்! கேக்குதா?” என்றேன்.

பிள்ளை திடுக்கிட்டுக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். என்னை முறைத்தாள். வாய் ஒருமுறை சும்மா திறந்து மூடியது. பிறகு வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“இன்னாத்துக்கு... கத்துற?”

மல்லிகா பிள்ளையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது அதில் பனி எதுவும் இல்லை. நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, எனக்கே கேட்காத குரலில், “இனிமே கத்தல கண்ணு” என்றேன்.

“ம்” என்றாள்.